சலத்தில் தெரிவதை இரத்தத்தில் தேடச் சொல்லாதீர்கள்

எமது மாவட்டத்தில் இரத்த நோயாளருக்கான கிளினிக்கை நடத்தும் பொறுப்பதிகாரிகளுக்கும், அங்கே எந்தப் பரிசோதனை யாருக்குச் செய்யப்படும் என்று தீர்மானிப்பவர்களுக்கும்,

போன கிளினிக் நாளன்று கதவில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. கிட்னி பழுதாகிறதா என்று அறியச் சலத்தில் அல்புமின் என்ற புரதத்தைப் பார்க்கும் பரிசோதனை இனிமேல் நீரிழிவு நோயாளருக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு, இரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி வடிகட்டி வெளியேற்றும் கழிவு) கூடியிருந்தால் மட்டும். கீழே கையொப்பமும் முத்திரையும். காரணம் எழுதியிருக்கவில்லை. உள்ளே கேட்டபோது, ஆய்வுகூடத்தில் இரசாயனப் பொருள் தட்டுப்பாடு என்றார்கள்.

என் மகளுக்கு 11 வயது. சிக்கிள் செல் என்ற பரம்பரை இரத்த நோய் அவளுக்கு. வருடத்துக்கு ஒரு தடவை அவளுக்குச் செய்யவேண்டிய பரிசோதனை அது. பதிவு மேசையில் இருந்த மிஸ் நல்லவர், என்னைப் பல வருடமாகத் தெரிந்தவர். கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கிரியேட்டினின் 0.4 தானே டீச்சர், நோர்மல். பிறகென்னத்துக்குப் பயப்பிடுறீங்க?" என்றார்.

அவரில் பிழையில்லை. ஆனால் இதே பேச்சை இதே மாதிரி ஒரு மேசைக்கு முன்னால் நின்று என் தம்பிக்காகப் பத்து வருடம் கேட்டவள் நான். தம்பிக்கு இப்போது 31 வயது. கிழமைக்கு இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணித்தியாலம், டயலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருக்கிறான். ஆஸ்பத்திரியின் பெயரையோ ஆட்களின் பெயரையோ இதில் நான் எழுதவில்லை. துண்டை ஒட்டியவர்களுக்கு எது என்று தெரியும்.

நாங்கள் படுவான்கரைப் பக்கம், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை. 2002 இல் தம்பிக்கு எட்டு வயதாக இருந்தபோதுதான் வருத்தம் இன்னதென்று பிடிபட்டது. அதுவரை கை கால் உளைவு, கண் மஞ்சள், இரத்தம் குறைவு என்று ஒவ்வொரு இடமாக அலைந்தோம். மண்முனைப் பாலம் 2014 இல்தான் வந்தது. அந்தக் காலத்தில் பாதை என்ற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து, அக்கரையில் பஸ் பிடித்து டவுனுக்குப் போகவேண்டும். கொழும்புக்கு அனுப்பிய இரத்தத்தின் முடிவு வந்தபோது பெயர் தெரிந்தது: சிக்கிள் பீட்டா தலசீமியா. ஒரு பெற்றோரிடமிருந்து சிக்கிள், மற்றவரிடமிருந்து தலசீமியா. இலங்கையில் சிக்கிள் நோய் உள்ளவர்களில் கூடுதலானோருக்கு இந்த வகைதான். சிவப்பணு எப்படி வளைகிறது என்று டொக்டர் கடதாசியில் கீறிக் காட்டினார். அம்மா எட்டிப் பார்த்து, "வேளாண்ம வெட்டுற தாக்கத்தி மாதிரியா ஐயா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குத் தாக்கத்தி வருத்தம் என்றுதான் பெயர்.

உளைவு வந்தால் என்ன செய்வது, காய்ச்சல் வந்தால் எவ்வளவு விரைவாக ஓடிவரவேண்டும், இரத்தம் எப்போது ஏற்றுவது எல்லாம் சொல்லித் தந்தார்கள். நன்றாகவே சொல்லித் தந்தார்கள். கிட்னி என்ற சொல் மட்டும் அந்தக் கிளினிக்கில் ஒருநாளும் வரவில்லை.

தம்பி பாயில் சலம் போவான். ஐந்து வயதில் போனால் யாரும் கவலைப்படமாட்டார்கள். அவன் 13 வயதிலும் போனான். 2007 பங்குனியில் யுத்தத்தால் படுவான்கரை மொத்தமும் இடம்பெயர்ந்தது. முகாமில் ஒரு தறப்பாள் கொட்டிலுக்குள் இரண்டு குடும்பம். அந்த இடத்தில், வளர்ந்த பொடியன் ஒருவன் இரவில் இரண்டு தரம் பாயை நனைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுதமாட்டேன். அம்மா அடித்தார். அடித்துப் பார்த்துப் பலனில்லாமல், பொழுதுபட்ட பிறகு தண்ணீரை மறித்தார். "இனித் தண்ணி இல்ல மனே, படு." குடத்தைத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார். அந்தக் கச்சான் காற்றுக் காலத்தில், உடம்பில் நீர் வற்றினால் உளைவு வரும் பிள்ளைக்கு, நாங்கள் தண்ணீரை மறித்தோம். அந்த மூன்று மாதத்தில் நான்கு தரம் அவனை வலியோடு தூக்கிக்கொண்டு ஓடினோம்.

தண்ணீரை மறித்த குற்றத்தை உங்கள் தலையில் கட்டமாட்டேன். அது எங்களுடையது. ஆனால் பாய் நனைவது குறும்பும் அல்ல, சோம்பலும் அல்ல, இந்த வருத்தம் கிட்னியைத் தொட்டதன் முதல் அடையாளமாக இருக்கலாம் என்று ஒரு வசனம் யாராவது சொல்லியிருந்தால், அம்மாவின் கை எழும்பியிருக்காது.

ஏன் என்று பிறகு நானாகத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒட்சிசன் குறைந்த இடத்தில்தான் இந்தச் சிவப்பணுக்கள் வளைந்து ஒட்டிக்கொள்கின்றன. கிட்னியின் உட்பகுதியில் ஒட்சிசன் இயல்பாகவே குறைவு, உப்புச் செறிவு மிக அதிகம், அமிலத்தன்மையும் கூட. நோயில்லாதவரின் உடம்பிலும் அப்படித்தான். அந்த உட்பகுதிதான் நீரை மீட்டெடுத்துச் சலத்தை அடர்த்தியாக்குகிறது. அங்கே ஓடும் மயிரிழை போன்ற குழாய்களை வளைந்த கலங்கள் அடைக்க அடைக்க, அந்த வேலை நடக்காமல் போகிறது. பிறகு எவ்வளவு தாகமாயிருந்தாலும் சலம் தெளிந்த நீராகத்தான், நிறையத்தான் போகும். பிள்ளை குடித்ததால் சலம் போகவில்லை, சலம் போவதால் குடிக்கிறது. 1910 இல் சிக்காகோவில் ஹெரிக் என்ற மருத்துவர், கிரனடாவிலிருந்து படிக்க வந்திருந்த ஒரு மாணவனின் இரத்தத்தில் கண்ட வளைந்த கலங்களைப் பற்றி முதன்முதலாக எழுதினார். அவனுக்குச் சலம் கூடுதலாகவும் அடர்த்தி குறைவாகவும் போகிறது என்பதையும் அவர் அப்போதே குறித்து வைத்திருக்கிறார். முகாமில் என் தம்பி அடி வாங்கியது அதற்கு 97 வருடத்துக்குப் பிறகு.

2011 இல், 17 வயதில், சலம் பிளேன்டீ நிறத்தில் வந்தது. வலி இல்லை. சலப்பையில் கிருமி என்று ஒரு வாரம் மருந்து தந்தார்கள். கிட்னியின் உள்நுனி இரத்தமில்லாமல் செத்துக் கழன்றாலும் இப்படி வரும் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. தானாக நின்றது, நாங்களும் மறந்துபோனோம்.

இனி அந்தக் கொப்பிக்கு வருகிறேன். நான் கணித ஆசிரியை. தம்பியின் கிளினிக் கொப்பிகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. அவன் டயலிசிஸுக்குப் போன முதல் மாதத்தில் ஒரு இரவு உட்கார்ந்து, கிரியேட்டினின் எண்களை மட்டும் வரிசையாக எழுதினேன். 16 வயதில் 0.4. 18 இல் 0.5. 20 இலும் 0.5. 22 இல் 0.7. 24 இல் 0.8. 26 இல் 1.1. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே கையெழுத்தில் அல்லது வேறு கையெழுத்தில் நோர்மல், நோர்மல், நோர்மல். ஆய்வுகூடத் துண்டில் அச்சிட்ட எல்லை 1.2. 26 வயது வரை ஒருமுறைகூட அவன் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

தரம் ஒன்பது பிள்ளைக்கு இதைக் கொடுத்தால், 0.4 இலிருந்து 0.8 இரண்டு மடங்கு என்று சொல்லும். கிரியேட்டினின் இரண்டு மடங்கானால் கிட்னி வடிகட்டும் அளவு ஏறத்தாழப் பாதியாகிவிட்டது என்று அர்த்தம். பாதிக் கிட்னி போனபோதும் கொப்பியில் நோர்மல் என்றுதான் எழுதியிருந்தது. அடுத்தவருக்குரிய கோட்டை இவனுக்கு வைத்து அளந்ததால் வந்த வினை. சிக்கிள் பிள்ளைகளின் கிட்னி சிறுவயதில் வழமையைவிட வேகமாக வடிகட்டுகிறது. அதோடு, கிரியேட்டினினை நுண்குழாய் வழியாகவும் கூடுதலாக வெளியேற்றுகிறது. பிள்ளைகளோ மெலிந்தவர்கள், தசை குறைவு. மூன்றும் சேர்ந்து அந்த எண்ணைக் கீழே பிடித்து வைத்திருக்கின்றன. அது மேலே எழும்பி உங்கள் கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும்.

சலம் அப்படி ஒளிப்பதில்லை. வடிகட்டி பழுதாகத் தொடங்கியதுமே அல்புமின் கசியத் தொடங்கும். கிரியேட்டினின் அசைவதற்குப் பல வருடம் முன்னரே தெரியும். நீங்கள் ஒட்டிய துண்டு சொல்வது, அதைப் பார்க்கவேண்டுமானால் முதலில் கிரியேட்டினின் கூடட்டும் என்று. வரம்பு உடைந்தால் மட்டும் வாய்க்காலைப் பார்க்க வருவேன் என்று சொல்லும், வயலுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானையை எங்கள் பக்கத்துக் கமக்காரர் ஒரு போகத்துக்குமேல் வைத்திருக்கமாட்டார்கள்.

இது நானாகக் கண்டுபிடித்த நியாயமும் இல்லை. சிக்கிள் நோயாளருக்கு 10 வயதிலிருந்து வருடாவருடம் சலத்தில் புரதம் கசிகிறதா என்று பார்க்கவேண்டும் என்று அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனத்தின் நிபுணர் குழு 2014 இல் சொல்லியிருக்கிறது. அல்புமின் போகிறது என்று உறுதியானால் எனலப்பிரில், லொசாட்டன் வகை மருந்துகளைத் தொடங்கலாம் என்று அமெரிக்க இரத்தவியல் சங்கம் 2019 இல் எழுதியிருக்கிறது. எனலப்பிரிலும் லொசாட்டனும் என்ன தங்கபஸ்பமா? உங்கள் கிளினிக்குக்கு அடுத்த அறையில் பிரஷர்காரர் பை பையாக வாங்கிக்கொண்டு போகிறார்கள். என் தம்பிக்கு 18 வயதில் ஒருமுறை சலத்தில் அல்புமினை அளந்து பார்த்திருந்தால், அந்தக் குளிசையில் ஒன்று அவனுக்கும் கிடைத்திருக்கும். முழுதாகக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்லமாட்டேன். தாமதப்படுத்த வாய்ப்பாவது இருந்திருக்கும்.

சலத்தில் ஸ்ட்ரிப்பைத் தோய்த்துப் பார்க்கிறோம்தானே என்று இப்போது சொல்வீர்கள். தம்பிக்கும் தோய்த்தார்கள். நான்கு தரம், நான்கும் 'இல்லை'. இந்தப் பிள்ளைகளின் சலம் நீர்த்த சலம். அதில் கசியும் கொஞ்ச அல்புமின் இன்னும் ஐதாகி, ஸ்ட்ரிப்பின் நிறத்தை மாற்றாமலே போய்விடும். அதனால்தான் அல்புமினைச் சலத்திலுள்ள கிரியேட்டினினோடு சேர்த்து விகிதமாகக் கணக்கிடச் சொல்கிறார்கள். விகிதத்துக்கு நீர் கூடக்குறைய இருப்பது பொருட்டில்லை. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்கு மேல் என்றால் கவனி. காய்ச்சலும் உளைவும் இல்லாத ஒரு நாளில், காலை முதல் சலத்தை எடுத்துத் திரும்பப் பார். இவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், மனம் ஆறவில்லை. உளைவோடு வார்டுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் தம்பிக்கு டைக்லோபெனாக் கொடுத்தார்கள், ஊசியாகவும் பின்வழியாக வைக்கும் மருந்தாகவும். வீட்டில் உளைவென்றால் டவுன் பாமசியில் துண்டில்லாமலே அதே குளிசையை அட்டையாக வாங்கினோம். இந்த வகை வலி மருந்துகள் கிட்னிக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. ஏற்கனவே இரத்தம் போகாமல் தவிக்கும் கிட்னிக்கு அது மேலும் ஒரு அடி. கொப்பியின் முன் அட்டையில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும், இரவு நேரத்து டொக்டரும் பாமசிக்காரரும் கவனித்திருப்பார்கள். இரத்தம் ஏற்ற ஏற்ற உடம்பில் சேரும் இரும்பை இறக்கும் குளிசையும் அப்படித்தான். இரத்தம் ஏற்றுகிறவர்களுக்கு அது தேவை என்று எனக்குத் தெரியும். ஆனால் டெபராசிரொக்ஸ் என்ற அந்தக் குளிசையைக் குடிக்கும் ஒருவரின் கிரியேட்டினினையும் சலத்துப் புரதத்தையும் தவறாமல் பார்க்கவேண்டும் என்று மருந்தின் எச்சரிக்கைத் தாளிலேயே இருக்கிறது. உங்கள் துண்டு அந்தப் புரதப் பரிசோதனையில் பாதியையும் பறித்துவிட்டது.

2021 இல் தம்பிக்குக் கால் வீங்கியது. கிரியேட்டினின் 2.3. அப்போது கேட்ட முதல் கேள்வி, "வயலில மருந்தடிக்கிறீங்களா? கிணத்துத் தண்ணியா குடிக்கிறீங்க?" என்பது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கண்டறியப்பட்ட, காரணம் தெரியாத கிட்னி நோய் இந்த நாட்டில் எத்தனை கமக்காரரைக் கொண்டுபோனது என்று எல்லாருக்கும் தெரியும், அந்தக் கேள்வி தேவையான கேள்வி. ஆனால் 19 வருடமாகச் சிக்கிள் என்று எழுதிய கொப்பி கையில் இருக்க, காரணம் தெரியாது என்று பதிந்தார்கள். தெரிந்த காரணத்தை அந்தப் பெட்டிக்குள் போட்டால், இந்த மாவட்டத்தில் சிக்கிளால் கிட்னி போனவர் ஒருவரும் இல்லை என்றுதானே கணக்கு வரும்? கணக்கில் இல்லாதவருக்கு இரசாயனப் பொருள் எதற்கு வாங்குவது?

இன்று அவனுக்குச் சலம் அனேகமாக இல்லை. 20 வருடம் 'தண்ணியைக் குடி, குடி' என்று விரட்டினோம். இப்போது நாளைக்கு எத்தனை கோப்பை என்று அளந்து கொடுக்கிறோம். கூடக் குடித்தால் மூச்சு முட்டும், குறைந்தால் உளைவு வரும். இரத்தமும் இறங்கிக்கொண்டே போகிறது, ஏனென்றால் இரத்தம் ஊற எலும்பு மச்சைக்குச் செய்தி அனுப்புவதே கிட்னிதான். அந்தச் செய்தியை ஊசியாகப் போடலாம். ஆனால் இவனுக்கு ஈமோகுளோபினை 10 க்கு மேல் ஏற்றக்கூடாது, இரத்தம் தடித்தால் திரும்ப அடைப்பு. உளைவைக் குறைக்கக் குடிக்கும் ஹைட்ரொக்சியூரியாவும் கிட்னி வழியாக வெளியேறும் மருந்து, அளவைக் குறைக்கவேண்டும். 2023 இல் டயலிசிஸ் தொடங்கியபோது பழைய அளவிலேயே இரண்டு மாதம் குடித்தான், வெள்ளணு இறங்கிப் படுத்துவிட்டான். கிட்னி கிளினிக் இரத்தக் கிளினிக்கைக் கேள் என்றது. இரத்தக் கிளினிக் கிட்னி கிளினிக்கைக் கேள் என்றது. இரண்டும் ஒரே வளவுக்குள், நடுவில் ஒரு விறாந்தை. அந்த விறாந்தையில் துண்டைக் கொண்டு ஓடியது நான்.

மாற்றுக் கிட்னி பொருத்தலாம் என்று சொல்கிறார்கள், சிக்கிள்காரருக்கும் அது செய்யப்படுகிறது. ஏற்றிய இரத்தங்களால் அவன் உடம்பில் எதிர்ப்பொருட்கள் உருவாகியிருப்பதால் பொருத்தம் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. தேடிக்கொண்டிருக்கிறோம்.

என் மகளைப் பற்றி. நான் மாமன் மகனைத்தான் கட்டினேன். எனக்கு அப்பா பக்கத்துத் தலசீமியா, அவருக்கு என் அம்மா பக்கத்துச் சிக்கிள். இருவரும் காவிகள், இருவருக்கும் தெரியாது. பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கணிதம் படிப்பிக்கிறவளுக்கு அந்த நான்கில் ஒன்றைக் கலியாணத்துக்கு முன் யாரும் கணக்குப் போட்டுக் காட்டவில்லை. மகளும் பாய் நனைப்பாள். அவளை நாங்கள் அடிக்கவில்லை. பாடசாலையில் மேசைமேல் தண்ணீர்ப் போத்தல் வைக்கவும், கேட்காமலே எழும்பிப் போகவும் அதிபரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். போன வருடம் அவளுடைய சலத்தில் விகிதம் 22. இந்த வருடம் எத்தனை என்று தெரியவேண்டும்.

டொலர் இல்லாத 2022 இல் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று மாதம் ஹைட்ரொக்சியூரியாவை வெளியில் காசுக்கு எடுத்தோம், காப்பை ஈடு வைத்தோம், ஒரு வார்த்தை பேசவில்லை. பொருள் இல்லை என்றால் இல்லைதான். இது அப்படியல்ல. பொருள் இருக்கிறது, கொஞ்சமாக இருக்கிறது, யாருக்கு முதலில் என்று தீர்மானித்த இடத்தில் எங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டீர்கள். நீரிழிவுக்காரருக்குக் கொடுக்காதீர்கள் என்று நான் கேட்கவில்லை. சிக்கிள் பிள்ளைகள் ஒரு கை விரலுக்குள் எண்ணக்கூடியவர்கள், அந்தக் கிளினிக் வாங்கில் எல்லாரையும் எனக்கு முகம் தெரியும். வருடத்துக்கு ஒரு தடவை அவர்களுக்குப் பார்ப்பதால் உங்கள் அலுமாரி வெறுமையாகாது. வெளியில் பார்க்கச் சொன்னால், கூலிக்குப் போகிற தகப்பனுக்கு அது ஒரு நாள் சம்பளம். அவர் பார்க்கமாட்டார். கிரியேட்டினின் நோர்மல்தானே என்று நீங்களே சொல்லியிருக்கும்போது ஏன் பார்க்கப்போகிறார்?

ஆகவே கேட்கிறேன். அந்தத் துண்டைக் கழற்றி, 10 வயதுக்கு மேற்பட்ட எல்லாச் சிக்கிள் நோயாளருக்கும் வருடம் ஒரு தடவை சலத்தில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் பார்க்கப்படும் என்று எழுதி ஒட்டுங்கள். விகிதம் கூடினால் மூன்று மாதத்துக்குள் திரும்பப் பார்த்து, தேவையானவருக்கு எனலப்பிரிலோ லொசாட்டனோ தொடங்குங்கள்; பொட்டாசியத்தையும் கூடவே பாருங்கள், கர்ப்பம் தரிக்கும் வயதுப் பெண்களுக்கு அந்த மருந்தின் ஆபத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

கிரியேட்டினினை அச்சிட்ட எல்லையோடு ஒப்பிட்டு எழுதுவதை நிறுத்தி, அதே ஆளின் போன வருட எண்ணோடு ஒப்பிட்டு எழுதுங்கள். இதற்குச் சல்லிக்காசு செலவில்லை. கொப்பியின் முன் அட்டையில் டைக்லோபெனாக், இபுபுரோபன் கொடுக்கவேண்டாம் என்று சிவப்பில் எழுதுங்கள். வலிக்கு அதற்குப் பதில் எதைக் கொடுப்பது என்றும் அதன் கீழே எழுதுங்கள், வெறும் பனடோலோடு பிள்ளைகளைத் துடிக்க விடாமல்.

இரத்தக் கிளினிக்கும் கிட்னி கிளினிக்கும் மாதத்தில் ஒரு நாளாவது ஒரே மேசையில் இருந்து, இரண்டிலும் பெயருள்ளவர்களைப் பாருங்கள். என் தம்பியின் பதிவில் உள்ள 'காரணம் தெரியாது' என்பதை வெட்டிச் சிக்கிள் என்று திருத்தித் தாருங்கள். புதிதாகப் பதியும் ஒவ்வொரு தாய்க்கும், பிள்ளை பாய் நனைத்தால் அடிக்கவும் வேண்டாம், தண்ணீரை மறிக்கவும் வேண்டாம் என்று தமிழில் ஒரு துண்டு அச்சடித்துக் கொடுங்கள். எழுதித் தருவதற்கு நான் ஆயத்தம்.

மகளின் அடுத்த கிளினிக் வருகிற மாதம் இரண்டாம் செவ்வாய். அன்று காலை எழும்பியதும் எடுத்த சலத்தைச் சிறிய போத்தலில், பெயரும் நேரமும் ஒட்டிக் கொண்டு வருவேன். அதை வாங்கி ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து, ஒரு கணித ஆசிரியை
(கிளினிக் கொப்பி இரண்டு வைத்திருப்பவள்)